பழைய பிக்கப் வண்டியின் பொனட் மூடும்போது மடிகிறது: ஸ்பிரிங்கை மாற்றுவதா, காஸ் ஸ்ட்ரட் பூட்டுவதா?

கனடாவில் நீங்கள் வாங்கிய 1970ஆம் ஆண்டுச் செவர்லே சி-10 பிக்கப்பின் பொனட், மூடும்போது பிணைச்சலுக்குச் சற்று முன்னால் மேல்நோக்கி மடிவதாகவும், பொனட்டைத் தூக்கிப் பிடிக்கும் பிணைச்சல் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடக் கராஜ்காரர் சொல்ல, நண்பர் காஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த குழாயிலிருந்து நீண்டு பொனட்டைத் தாங்கும் தண்டு) பூட்டச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. ரொறன்ரோவில் உள்ள மைத்துனரின் சி-10 இல் ஒரு கோடைகாலம் முழுவதும் கைவைத்திருக்கிறேன். இரண்டிலும் கற்றது ஒரே பாடம்தான்.

1990 இற்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது என்பதால், ஒவ்வொரு முறையும் பொனட்டைத் திறந்து கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டால்தான் வண்டி உயிர் பெறும். வாரத்துக்கு ஒருமுறை திறக்கப்பட வேண்டிய பொனட், ஒரு நாளிலேயே ஆறேழு தடவை திறக்கப்பட்டது. கிறீஸ் கிடைக்காத அந்த நாட்களில் அப்பா பிணைச்சலுக்கு நல்லெண்ணெய் விட்டார். அது செம்மண் புழுதியோடு சேர்ந்து பிசினாகியது. கடற்கரைக் காற்றின் உப்பும் தன் பங்குக்கு அரித்தது. பல ஆண்டுகள் கழித்து, இறுகிப் போனதை அறியாமல் நான் பொனட்டின் முன்முனையைப் பிடித்து அழுத்தியபோது, தகரம் மடியும் அந்த மெல்லிய 'டொக்' ஓசை கேட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மடிந்த இடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் வண்டியிலும் நடப்பது இதுதான். பிணைச்சலின் கைகளை இணைக்கும் ஆணிகள் சுழலாமல் நிற்கும்போது, முன்முனையில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் பொனட்டின் நீளம் முழுவதையும் நெம்புகோலாக்கிக்கொண்டு, அதன் மிகப் பலவீனமான இடத்தில், அதாவது போல்ற் பூட்டிய பகுதி முடிந்து தனித் தகடு தொடங்கும் இடத்தில், போய் இறங்குகிறது. 1967 முதல் 1972 வரையிலான செவர்லே பிக்கப்களில் இந்த மடிப்பு நன்கு அறியப்பட்ட நோய். ஆணி இறுகியிருக்கையில் புதிய, வலிமை கூடிய ஸ்பிரிங்கைப் போட்டால் மூடுவதற்கு இன்னும் அதிகமாக அழுத்த வேண்டிவரும், மடிப்பு ஆழமாகும். பொனட் மேலே நிற்காமல் தானாக விழுகிறது என்றால் மட்டுமே ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று சொல்லலாம். நீங்கள் சொல்வது அதற்கு நேர்மாறான குறை.

எனவே முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பிணைச்சலைச் சோதியுங்கள். கழற்றும்போது கவனம் வேண்டும், ஏனெனில் அந்த ஸ்பிரிங் விரலை முறிக்கும். ஒருவர் பொனட்டைப் பாதி தாழ்த்திப் பிடித்திருக்க, இழுபட்டு நிற்கும் சுருள்களுக்கு இடையில் மற்றவர் வாஷர்களைச் செருக வேண்டும். பின்னர் முழுதாக உயர்த்தினால், ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீண்டபடியே நின்று கொக்கியில் தளர்ந்து கொடுக்கும். பிறகு பிணைச்சல் இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறி அடையாளமிட்டு, பொனட்டின் பின்மூலைகளுக்குக் கீழே தடித்த துணி விரித்து, இருவராகப் பொனட்டை இறக்குங்கள். அடையாளக் கோடு இல்லாமல் இறக்கியவர்கள் மட்காட்டுக்கும் பொனட்டுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்வதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழப்பார்கள், நான் இழந்தேன்.

கையில் எடுத்த பிணைச்சல் ஒரு விரலால் தள்ளினாலே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போக வேண்டும். போகாவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வோர் ஆணியிலும் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக நூறு தடவையாவது அசையுங்கள். வெளிவரும் எண்ணெய் செம்பழுப்பாக இருக்கும்வரை உள்ளே துரு இருக்கிறது என்றே பொருள். இளகியபின் கைகள் பக்கவாட்டில் ஆடினால் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளன. அப்போது எண்ணெய் உதவாது. றிவெற்றை வெட்டி எடுத்து, துளையைப் பெருப்பித்து, லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ் (துளைக்குள் இறங்கும் சிறு குழல்) இறக்கி, அளவான போல்ற் போட வேண்டும். எங்கள் மைனருக்கு இங்குள்ள ஒரு லேத் பட்டறையில் அப்படித்தான் செய்வித்தோம். மடிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் ரிங்கரிங் இதற்குப் பிறகு வரவேண்டிய வேலை.

காஸ் ஸ்ட்ரட்டை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் கணக்குப் பார்க்காமல் பூட்டினால் அதுவும் பொனட்டை மடிக்கும். பொனட் 25 கிலோ, அதன் எடைமையம் பிணைச்சலிலிருந்து 60 சென்ரிமீற்றர், ஸ்ட்ரட் தள்ளும் கோடு பிணைச்சலிலிருந்து 15 சென்ரிமீற்றர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஸ்ட்ரட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 490 நியூட்டன் தேவை. உங்கள் பொனட்டின் எடையைப் பார்த்து, தூரங்களை அளந்து, இதே முறையில் கணக்கிடுங்கள். குளிரில் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் குறையும் என்பதால், கோடையில் சரியாக நின்ற பொனட் உங்கள் ஊர் ஜனவரியில் மெல்ல இறங்கி வரலாம். பொனட் மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். மட்காட்டின் உட்பக்கத் தகடு துருப்பிடித்திருந்தால் பின்னால் ஓர் இரும்புத் தகடு வைக்காமல் துளையிடாதீர்கள். பெயரிங் வைத்துக் கடைந்த அலுமினியப் பிணைச்சல்களும் விற்கிறார்கள். அழகானவைதான், ஆனால் இளகிய பழைய பிணைச்சல் செய்யாத எதையும் அவை செய்வதாக நான் காணவில்லை.

முதலில் ஸ்பிரிங் இல்லாமல் பிணைச்சல் எப்படி அசைகிறது என்று பார்த்து, கீழே எழுதுங்கள். ஆணி இளகியபின்னும் பொனட் மடிந்தால், நான் கவனிக்கத் தவறிய வேறொன்று அங்கே இருக்கிறது.