மணலுக்கு அடியில் இருக்கும் நீர்

கேள்வி: எங்கள் கிணற்று நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான கடலோர நிலத்தடி நீர் எளிதில் மாசுபடும் என்கிறார்கள். முன்கூட்டியே இதை எப்படிக் கணிக்கிறார்கள்?
- வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: இதற்குப் பெரிதும் பயன்படுவது ‘டிராஸ்டிக்’ என்னும் முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக 1987-இல் வடிவமைக்கப்பட்ட இம்முறையில், நீர்மட்டத்தின் ஆழம், மழைநீர் ஊறும் அளவு, நீர்தாங்கும் படுகை, மேல்மண், நிலத்தின் சாய்வு, நீர்மட்டத்துக்கு மேலுள்ள அடுக்கு, நீர்கடத்தும் திறன் ஆகிய 7 கூறுகளுக்கும் மதிப்பெண் இட்டு, முக்கியத்துவத்துக்கேற்ற எடையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை உயர உயர, நீர் எளிதில் மாசுபடும் என்று பொருள். நீர்மட்டத்தின் ஆழத்துக்கும் அதன் மேலடுக்குக்கும் எடை 5. சாய்வுக்கு 1 மட்டுமே. உங்கள் பகுதியில் நீர்மட்டம் மேலாகவே இருப்பதாலும், மேலே இருப்பது மணல் என்பதாலும் கூட்டுத்தொகை உயர்ந்துவிடுகிறது. களிமண் கழிவை நெடுநேரம் தடுத்து நிறுத்தும். மணல் அவ்வாறு செய்வதில்லை.

ஆனால் இந்த மதிப்பெண் நிலத்தின் இயல்பை மட்டுமே சொல்கிறது. பாதாளச் சாக்கடை வருமுன்பே அடுக்குமாடிகள் எழும் நகரத்தில், கழிவுநீர்த் தொட்டிகளையும் குப்பைக் கிடங்குகளையும் இம்மதிப்பெண்களைக் கொண்டு வரையும் வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்காத மதிப்பீடு அரைகுறையானது என்பதே என் உறுதியான கருத்து. கழிவுநீர் கசிவதால் கிணறுகளில் சேரும் நைட்ரேட் என்னும் உப்பை அளந்தும் அம்மதிப்பீட்டைச் சரிபார்க்க வேண்டும். இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. ஆகவே, நீரின் தெளிவை நம்பாமல், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடானால் தள்ளிப்போட வேண்டாம்.