சீரியல் அண்ணனுக்கு வீட்டுக் கடன் தாங்குமா?

கேள்வி: என் வயது 38. ஆறு ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களில் துணை நடிகராக இருக்கிறேன். முதல் தொடர் 20 மாதம் ஓடியது. பிறகு 9 மாதம் வேலை இல்லை. இரண்டாவது தொடர் 17 மாதம், அதன் பின் 5 மாதம் இடைவெளி. இப்போது 21 மாதமாக ஒரு தொடரில் நாயகியின் அண்ணனாக நடிக்கிறேன். நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் மாதம் 14 நாட்கள் வேலை. அதில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். மேனேஜர் கமிஷன், உடை, போக்குவரத்து எல்லாம் மாதம் 18,000 ஆகிறது. வருமான வரிக் கணக்கு இதுவரை தாக்கல் செய்ததில்லை. மனைவி ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 18,000 சம்பளத்தில் இருக்கிறார். குழந்தைகளுக்காக வேலையை விட நினைக்கிறார். வாடகை 16,000, கார் தவணை 9,500 உட்பட வீட்டுச் செலவு 52,000. கார் கடன் 2.2 லட்சம் பாக்கி. சேமிப்பு 6 லட்சம். அதை முன்பணமாகக் கொடுத்து, 40 லட்சம் கடனில் வளசரவாக்கத்தில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கலாமா? ஒரு திரைப்படத்தில் 20 நாள் வேடத்துக்கு 2.5 லட்சம் பேசியிருக்கிறார்கள். அதற்காகத் தொடரை விட்டுவிடலாமா?
— வாசகர், சென்னை

பதில்: வீட்டை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வருமானம் குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வருமானத்தை நீங்கள் கணக்கிடும் முறையில் ஒரு பிழை இருக்கிறது.

மாதம் 84,000 என்று நீங்கள் நினைக்கிறீர்கள். செலவு 18,000 போக 66,000 நிற்கிறது. பிடித்த வரி திரும்பி வரும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் 72 மாதங்களில் 14 மாதம் வேலை இல்லாமல் கழிந்திருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவருக்கு வேலை போவது ஒரு விபத்து. துணை நடிகருக்கோ இரண்டு தொடர்களுக்கு நடுவே வரும் இடைவெளி தொழிலின் ஒரு பகுதி. ஆகவே அந்த 14 மாதங்களையும் சேர்த்துத்தான் சராசரி பார்க்க வேண்டும். வேலை இருந்த 58 மாதங்களிலும் இன்றைய சம்பளமே கிடைத்ததாகத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும், உங்கள் உண்மையான மாத வருமானம் ஏறத்தாழ 53,000 தான்.

இப்போது கடனைப் பார்ப்போம். 40 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 34,700. வாடகை 16,000 மிச்சமாவதால் கூடுதல் சுமை 18,700 மட்டுமே. மனைவியின் சம்பளம் போக வீட்டுக்கு நீங்கள் தர வேண்டியது 34,000. சராசரியில் 19,000 மிஞ்சுகிறது. கணக்கு அச்சாகப் பொருந்துகிறதே என்று நீங்கள் கேட்கலாம். பொருந்துவது காகிதத்தில் மட்டும்தான். முன்பணம் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் இருக்காது. முதல் தொடருக்குப் பின் வந்ததைப் போன்ற ஒன்பது மாத இடைவெளி மீண்டும் வந்தால் மாதம் 52,700 வீதம் சுமார் 4.75 லட்சம் தேவைப்படும். அந்தப் பணம் நகை அடகிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். மனைவியும் வேலையை விட்டுவிட்டால் இடைவெளி வரும் வரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை. முதல் மாதத்திலேயே பற்றாக்குறை தொடங்கிவிடும்.

தொடரில் உங்கள் இடம் எவ்வளவு உறுதியானது என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். வியாழக்கிழமை டிஆர்பி என்ற பார்வையாளர் அளவீடு வந்ததும் ஒரு டிராக் (கிளைக்கதை) சுருங்குவதும், அண்ணன் திடீரென்று துபாய்க்குப் போவதும், ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் எழுத்து ஓடுவதும் உங்களுக்குப் புதிதல்ல. வீட்டுக் கடன் தவணைக்கு அப்படி ஆள் மாற்றும் வசதி கிடையாது.

இனி, நீங்கள் கேட்காமலே விட்ட ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய தொகை அதில்தான் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு 10,08,000 ரூபாய்க்கு வேலை செய்து, அதில் 1,00,800 ரூபாயை வரியாகப் பிடிக்க விட்டுவிட்டு, கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்திருக்கிறீர்கள். திரைக்கலைஞர் என்பது வருமான வரிச் சட்டத்தின்படி அறிவிக்கை செய்யப்பட்ட தொழில்களில் ஒன்று. எனவே 44ஏடிஏ என்ற பிரிவு எண்ணில் அறியப்பட்ட அனுமான வருமான முறையை நீங்கள் பயன்படுத்தலாம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகமோ சேலை, சட்டை வாங்கிய ரசீதோ தேவையில்லை. உங்கள் உண்மைச் செலவு வரவில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. சட்டமோ பாதியைச் செலவாக ஏற்றுக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் வரிக்குரிய வருமானம் 5,04,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரையிலும், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு 7 லட்சம் வரையிலும் தள்ளுபடியால் வரி இல்லை. பிடித்த தொகை முழுவதும் ரீஃபண்டாகத் திரும்ப வேண்டிய பணம்.

தொழில் வரவு 10 லட்சத்தைத் தாண்டினாலோ, பிடித்த வரி 25,000 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, வரி கட்ட வேண்டியிராவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயம். கெடு முடிந்த ஆண்டுகளுக்கு ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ (கெடுவுக்குப் பின் தரும் புதுப்பித்த கணக்கு) போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி வருமான வரித் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அதற்கு வழி உண்டு. ஒரு பட்டயக் கணக்காளரிடம், உங்கள் பெயரில் பிடித்த வரியைப் பட்டியலிடும் 26ஏஎஸ் படிவத்தைக் காட்டுங்கள். தயாரிப்பு நிறுவனங்கள் பிடித்த வரியை உங்கள் பான் எண்ணில் உண்மையிலேயே கட்டியிருக்கின்றனவா என்பதும் அதில் தெரிந்துவிடும். சில நேரம் அந்த அதிர்ச்சியும் காத்திருக்கும்.

திரைப்பட வேடத்துக்காகத் தொடரை விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். 20 நாளுக்கு 2.5 லட்சம் என்பது நாளுக்கு 12,500. தொடரைப் போல் இரு மடங்குக்கு மேல். ஆனால் அந்த 20 நாட்கள் நான்கைந்து மாதங்களில் சிதறிக் கிடக்கும். அதே காலத்தில் தொடர் உங்களுக்கு 3.36 லட்சம் முதல் 4.2 லட்சம் வரை தரும். இரண்டுக்கும் கால்ஷீட் (படப்பிடிப்புக்கு ஒதுக்கும் நாட்கள்) ஒத்துப்போகுமா என்று தயாரிப்பு நிர்வாகியிடம் முதலில் பேசுங்கள். படத்தில் நடித்தால் முன்பணத்தை வாங்கிய பிறகே முதல் நாள் செல்லுங்கள். பாக்கியை டப்பிங்குக்கு முன் தீர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தையும் கைவிடாதீர்கள். டப்பிங் முடிந்த பிறகு உங்கள் தொலைபேசி அழைப்புக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குப் போவது வீண் கனவு என்று சொல்ல வரவில்லை. பின்னணிக் குரல், தொடர், திரைப்படம் என்று பல ஆண்டுகள் உழைத்த எம்.எஸ்.பாஸ்கருக்கு, 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்காக 2025-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. அவர் பாதையில் நான் கவனிப்பது அந்தப் பின்னணிக் குரலைத்தான். உங்களுக்கும் குரல் வளம் இருந்தால் அது முகம் தேவைப்படாத இரண்டாவது வருமானம். தொடர் இல்லாத மாதங்களிலும் வரக்கூடியது.

மனைவியின் வேலையைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய தலைமுறையின் குணச்சித்திர நடிகர்கள் பலர் மாதச் சம்பளத்தில் காலூன்றிக்கொண்டு மேடைக்கு வந்தவர்கள். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார், பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் இருந்தார், டெல்லி கணேஷ் விமானப்படையில் பத்தாண்டு பணியாற்றினார். நாள்தோறும் கால்ஷீட் கேட்கும் இன்றைய தொடர்களில் நடித்துக்கொண்டு அப்படி ஒரு வேலையில் நீங்கள் நீடிக்க முடியாது. உங்கள் வீட்டில் அந்த இடத்தை நிரப்புவது உங்கள் மனைவியின் 18,000. அவருடைய சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் நிறுவனம் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் உங்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. குழந்தைகளைக் கவனிப்பது நியாயமான கவலைதான். ஆனால் மாதத்தில் 16 நாள் படப்பிடிப்பு இல்லாமல் இருப்பவர் நீங்கள் என்பதையும் இருவரும் சேர்ந்து யோசிக்கலாம்.

கையில் உள்ள 6 லட்சத்தில் 2.2 லட்சத்தைக் கொடுத்துக் கார் கடனை முடியுங்கள். முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குத் தர வேண்டியது 24,500 ஆகக் குறையும். மிச்சமுள்ள 3.8 லட்சத்தை மூன்று நான்கு வைப்புத்தொகைகளாக வங்கியில் போடுங்கள். 15 மாதம் வேலை இல்லாவிட்டாலும் வீடு நடக்கும். பங்குச் சந்தைக்கு அந்தப் பணம் போகக் கூடாது. வரும் பணம் அனைத்தும் ஒரு கணக்கில் விழட்டும்; மாதம் முதல் தேதி அதிலிருந்து உங்களுக்கு நீங்களே ஒரே தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரீஃபண்ட் வந்ததும் டேர்ம் இன்ஷூரன்ஸும் (இறப்புக்கு மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) குடும்ப மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். பிஎஃப் இல்லாத உங்களுக்கு பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி பொருத்தமானது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை, பணம் இருக்கும் மாதத்தில் போட்டு, இல்லாத மாதத்தில் விடலாம்.

வீட்டுக் கடனுக்கு வங்கி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும். திரைத்துறையினரின் விண்ணப்பத்தைப் பல வங்கிகள் தயங்கித்தான் எடுக்கின்றன. எப்படியும் நீங்கள் அதுவரை காத்திருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் மாதம் 18,700-ஐத் தவணை கட்டுவது போலவே தனியாக எடுத்து வையுங்கள். அதற்குள் ஓர் இடைவெளி வந்து, அதிலும் இந்தத் தொகையை வைப்புத்தொகையிலிருந்து எடுத்துப் போட முடிந்திருந்தால், மூன்று ஆண்டுக் கணக்குகளோடு மீண்டும் எழுதுங்கள். எவ்வளவு கடன் தாங்கும் என்று அப்போது பார்க்கலாம்.