கம்பஸ் கிடைச்சாச்சு, காசுக்கு என்ன வழி? திருகோணமலைப் பிள்ளையளின்ட கேள்விகள்

அப்பா கடல் தொழில், சம்பளத் துண்டு ஒண்டும் இல்ல. மகாபொல (கம்பஸ் பிள்ளையளுக்கான உதவிப்பணம்) ஃபோர்முக்கு வருமானம் எப்பிடிப் போடுறது? (குச்சவெளி)

தம்பி, கிராம சேவகரிட்ட வருமானக் கடிதம் எடுத்து பிரதேச செயலகத்தில உறுதிப்படுத்துங்கோ. அதைவிட முக்கியம் கணக்கு. மீன்பாடு நல்லா இருந்த ஒரு மாசத்த எடுத்து 12ஆல பெருக்கிப் போடுறதுதான் நம்மட சனம் விடுற பிழை. வாடைக்காத்துக்கு மார்கழி தையில வள்ளம் கரையில கிடக்கும், அந்த மாசங்கள் கணக்கில வரவேணும், எஞ்சினுக்கு அடிச்ச மண்ணெண்ணெய்க் காசும் கழிபடவேணும். போன தடவ ஒரு தங்கச்சியும் தகப்பனும் என்ட மேசையில இருந்து சீஆர் கொப்பியின்ட கடைசிப் பக்கத்தில பென்சிலால மாசம் மாசமா எழுதினவை, முதல் சொன்ன தொகையில அரைவாசி கூட வரேல்ல. அதுதான் உண்மைக் கணக்கு. படிக்கிற சகோதரங்களின்ட விவரத்தையும் விடாம எழுதுங்கோ. கூட்டியும் எழுதாதீங்கோ, குறைச்சும் எழுதாதீங்கோ.

மகாபொல கிடைச்சா வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில, சமாளிக்கலாமா? (மூதூர்)

முழுசா ஏலாது மகள், உண்மையச் சொல்லுறன். 2025 பட்ஜெட்டில ஒரு தவணைக்கு 5,000 ரூபாவ 7,500 ஆக்கினவங்க, அதுவும் வருசத்துக்கு 10 தவணைதான், பதிஞ்ச உடன கைக்கு வராது. படிப்பு இலவசம், ஆனா அறை வாடகையும் சாப்பாடும் இலவசமில்லயே. முதல் 4, 5 மாசச் செலவ வீட்டில இப்பவே பேசி ஒதுக்கி வைங்கோ. ஹொஸ்டல் விண்ணப்பத்த முதல் நாளே குடுங்கோ. மகாபொல வராட்டி பேர்சரி எண்ட மத்த உதவிப்பணத்துக்குப் போடுங்கோ, ரெண்டும் சேத்துக் கிடையாது.

கொழும்புப் பிள்ளையளோட போட்டி போட ஏலுமா? (தம்பலகாமம்)

கலைப்பிரிவத் தவிர மத்தப் பாடநெறிகள்ல 40 வீத இடங்கள் மட்டும்தான் அகில இலங்கைத் தகுதி. 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, அதில நம்மட மாவட்டமும் இருக்கு. கம்பஸ் விண்ணப்பத்தில தெரிவுகள நாலஞ்சோட நிப்பாட்டாதீங்கோ. கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலை வளாகத்தையும் போடுங்கோ, வீட்டில இருந்து பஸ்ஸில போய் வந்தா வாடகைக் காசு மிச்சம்.

தனியார் டிகிரிக்கு வயல விக்கப் போறார் அப்பா, சரியா? (கிண்ணியா)

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ! ஏ.எல்லில ஒரே தடவையில 3 பாடமும் பாஸ் பண்ணினவங்களுக்கு கல்வி அமைச்சின்ட வட்டியில்லாக் கடன் இருக்கு, வட்டிய அரசாங்கம் கட்டும், படிச்சு முடிஞ்ச பிறகுதான் நீங்க முதலக் கட்டத் தொடங்குவீங்க, அறிவித்தல் வந்தா முடிவுத் திகதியக் கலண்டர்ல எழுதி வைங்கோ. எனக்குத் தெரிஞ்ச குடும்பமொண்டு காணிய வித்துக் கட்டின இடத்தின்ட டிகிரி அங்கீகாரமே இல்லாததெண்டு ரெண்டாம் வருசம்தான் தெரிஞ்சது, அந்தத் தாய் அழுதது இன்னும் காதில நிக்குது. அங்கீகாரக் கடிதத்தக் கண்ணால பாக்காம ஒரு ரூபா கட்டாதீங்கோ.

இஸட் ஸ்கோர் (கம்பஸ் தெரிவுக்குப் பாக்கிற ஏ.எல் புள்ளி) காணாது, என்ன செய்ய?

திருகோணமலை உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில முழுநேர எச்.என்.டி (உயர் தேசிய டிப்ளோமா) படிக்கக் கட்டணம் இல்ல. ஏ.எல் சான்றிதழக் கொண்டு நேரடியாப் போய் விசாரிங்கோ.