பதில்: மைன்கிராஃப்ட் விளையாட்டுல மரவீடு கட்டினதும் இலையெல்லாம் காணாமப் போகுது

ஏணி வைக்க நடுத்தண்டைக் குடைஞ்சு, சுத்தி பலகை வச்சேன், கொஞ்ச நேரத்துல பாதி மரம் மொட்டையாயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அது விளையாட்டுல இருக்கிற கோளாறு (பக்) இல்ல. மைன்கிராஃப்ட்டோட ஜாவா பதிப்புல தானா வளர்ந்த இலை நிக்கணும்னா, 6 பிளாக்குக்குள்ள (பிளாக்னா ஒரு கட்டம்) மரக்கட்டை இருக்கணும். மூலைக்கு மூலை எண்ணாதீங்க, இலைக்கு இலை பக்கவாட்டுல தொட்டு வர்ற வழிதான் கணக்கு. பலகை கட்டையா சேராது. பட்டை உரிச்ச கட்டை சேரும், அதை வச்சுப் பாருங்க.

கையால வச்ச இலை எப்பவும் உதிராது. பக்கத்து மரத்துல கத்தரி போட்டு இலையை எடுத்து மொட்டையில ஒட்டிடுங்க.

வீடு பெட்டியைக் குச்சியில செருகின மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, 9க்கு 9 தளத்தை ஒத்தைத் தண்டு தாங்கினா அப்படித்தான் தெரியும். தண்டுலேர்ந்து தளத்தோட நாலு மூலைக்கும் கிளை விடுங்க: ஒண்ணு வெளிய, ஒண்ணு மேல, மறுபடி ஒண்ணு வெளிய. சாதாரணக் கட்டைன்னா வெட்டுவாய் வளையம் அசிங்கமா தெரியும். 4 கட்டையைச் சதுரமா வச்சு கிராஃப்ட் பண்ணா (சேர்த்துப் புதுப் பொருள் செஞ்சா) ஆறு பக்கமும் பட்டையோட 3 பிளாக் வரும், அதைப் போடுங்க. நாலு கிளையும் ஒரே உயரத்துல கிளம்பினா மேசைக்கால் மாதிரி ஆயிடும், ஜாக்கிரதை.

குளிர்காய லாவா மட்டும் வேண்டாம். நான் வச்சேன், மிஞ்சினது ஏணி மட்டும்தான். கேம்ப்ஃபயர் வைங்க, அதுலேர்ந்து தீ பரவாது.