இரண்டு பண்டிகைத் தேதிகளுக்கு நடுவே ஒரு குடும்பம்

கேள்வி: நாங்கள் மிஷனரிகளாக எத்தியோப்பியாவுக்கு வந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. கணவர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றுகிறார். கடந்த டிசம்பர் 25 அன்று அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்து நானே கேக் செய்து வைத்தேன். வந்தவர்கள் அன்பாகப் பேசிவிட்டு, ஒரு துண்டுகூடத் தொடாமல் போய்விட்டார்கள். ஜனவரி 7 அன்று அவர்கள் பண்டிகை கொண்டாடியபோது எங்களுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. இந்த ஆண்டு டிசம்பர் 25-ஐ அடியோடு விட்டுவிடலாம் என்கிறார் கணவர். அதைக் கேட்டதிலிருந்து 11 வயது மகள் அழுதுகொண்டிருக்கிறாள்; 8 வயது மகன் எதையும் பொருட்படுத்தவில்லை. எங்களை அனுப்பிய சபையோ கிறிஸ்துமஸ் கொண்டாட்டப் படங்களை டிசம்பர் முடிவதற்குள் அனுப்பச் சொல்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடந்த ஓராண்டாக அது உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. உங்கள் அண்டை வீட்டார் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினராக இருந்தால், அவர்கள் உங்களை அவமதிக்கவில்லை, நோன்பைக் காத்தார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் கிறிஸ்து பிறப்புக்கு முன் நவம்பர் 25 முதல் ஜனவரி 6 வரை 43 நாட்கள் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. டிசம்பர் 25 அந்த நோன்பின் நடுவில் வருகிறது. நோன்பிருந்தும் உங்கள் அழைப்பை மதித்து வந்தார்கள், அமர்ந்து பேசினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வருகையில் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தது என்பது விளங்கும்.

தேதி வேறுபாட்டுக்குக் காரணம் நாட்காட்டிதான். 1582-இல் ஐரோப்பாவில் கிரகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தபோது எத்தியோப்பியா அதை ஏற்கவில்லை. முப்பது நாட்கள் கொண்ட 12 மாதங்களும் ஐந்து அல்லது ஆறு நாட்கள் கொண்ட 13-ஆம் மாதமுமாக அங்கே ஆண்டு இன்றும் நடக்கிறது. அவர்களுடைய தஹ்சாஸ் மாதத்தின் 29-ஆம் நாள் நமக்கு ஜனவரி 7 ஆகிறது. அந்த நாளைத்தான் 'கென்னா' என்று கொண்டாடுகிறார்கள். அன்று நாடு முழுவதும் விடுமுறை. டிசம்பர் 25 அங்கே சாதாரண வேலைநாள்.

உங்கள் கணவரின் எண்ணத்தில் எனக்கு மதிப்பு உண்டு. எத்தியோப்பியாவில் நான்காம் நூற்றாண்டிலேயே, அரசர் ஏசானாவின் காலத்தில், கிறிஸ்தவம் வேரூன்றிவிட்டது. அந்நாட்டின் முதல் ஆயராகிய புரூமென்டியசின் பெயரை அங்கே இன்றும் போற்றுகிறார்கள். கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடும் வழக்கத்தை அந்த மக்களுக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியதில்லை. பண்டிகை அவர்களுடையது, நீங்கள் விருந்தினர். உங்கள் கேள்வி முழுவதற்கும் நான் சொல்லக்கூடிய பதில் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஆனால் விருந்தினராக இருப்பவர் தன் வீட்டை மறந்துவிட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கணவர் அந்த இடத்தில்தான் ஓர் அடி அதிகமாக எடுத்து வைக்கிறார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 25-ஐ விட்டுவிடாதீர்கள். அதை வீட்டுக்குள் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் உட்கார்ந்து வேதபகுதியை வாசித்து, தெரிந்த பாடல்களைப் பாடி, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, பாட்டி தாத்தாவுடன் தொலைபேசியில் பேசினால் அந்த நாளுக்கு அது போதும். கணவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வந்துவிட்டால் எண்ணெயில் செய்த நோன்புப் பலகாரம் ஒன்றும் தேநீரும் தயாராக இருக்கட்டும்.

மகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மிஷனரிப் பெற்றோர் பலர் இத்தகைய நேரத்தில் 'நாம் ஆண்டவருக்காக விட்டு வந்தோம்' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கு அது உண்மை, ஏனென்றால் அழைப்பைக் கேட்டு முடிவெடுத்தவர்கள் நீங்கள். அவள் முடிவெடுக்கவில்லை, உங்களுடன் வந்தாள். ஒத்த வயதுப் பிள்ளைகளும் பழகிய பாடகர் குழுவும் இல்லாத ஒரு டிசம்பரை அவள் இரண்டாம் முறையாகக் கடக்கிறாள், அதற்காக அழுகிறாள். அந்த அழுகைக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பழைய வழக்கங்களில் எது இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் வந்ததாகவே தோன்றாது என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் அந்த ஒன்றை, கடினமாக இருந்தாலும், இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தவறாமல் செய்யுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் கேட்பது விலை உயர்ந்த பொருளாக இருப்பதில்லை. வாசலில் ஒரு நட்சத்திரம், நள்ளிரவில் விழித்திருக்க அனுமதி, அப்பா வாசிக்கும் ஓர் அதிகாரம் என்றே இருக்கும். தம்பி எதையும் பொருட்படுத்தவில்லை என்கிறீர்கள். அவனிடமும் தனியாகக் கேளுங்கள், எட்டு வயதில் சில பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனி ஜனவரி 7. சென்ற ஆண்டு அதில் மனம் ஒட்டாததற்கு, உங்கள் கொண்டாட்டம் அதற்கு முன்பே முடிந்துபோனதுதான் காரணம் என்று எண்ணுகிறேன். இந்த முறை வீட்டில் 25-ஆம் தேதி தொடங்குவது 7-ஆம் தேதி வரை நீளட்டும். குடிலை அதுவரை எடுத்து வைக்காதீர்கள். கணவர் 6, 7 ஆகிய இரு நாட்களுக்கும் பணிமுறையை இப்போதே பேசி வைக்கட்டும். நீங்கள் போகும் சுவிசேஷ சபையிலும் அன்று ஆராதனை இருக்கும். அங்கே நாடகம் போடவும் பாடல் சொல்லிக்கொடுக்கவும் முன்வராதீர்கள். மிஷனரி குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். இந்த ஓர் ஆண்டு அவர்கள் நடத்துவதைப் பின்வரிசையில் இருந்து பாருங்கள்.

அண்டை வீட்டார் சம்மதித்தால், கென்னாவுக்கு முந்தைய இரவு அவர்களுடன் ஆர்த்தடாக்ஸ் ஆலயத்துக்கும் போய் வாருங்கள். நெத்தேலா என்னும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைப் போர்த்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக விடிய விடிய நிற்பார்கள். பாடகர்கள் நீண்ட கோல்களை ஊன்றி, பெரிய முரசின் தாளத்துக்கு மெதுவாக அசைந்து பாடுவார்கள். பாறையைக் குடைந்து செய்த 11 ஆலயங்கள் உள்ள லாலிபெலாவில் இந்த இரவுக்காக யாத்திரிகர்கள் திரள்கிறார்கள். இறையியலில் உங்கள் சபைக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. அவற்றைப் பேச ஆண்டு முழுவதும் நேரம் இருக்கிறது.

பகலில் வீடுகளுக்குப் போங்கள். நோன்பு முடிந்த அன்று, இன்ஜேரா என்னும் புளித்த மாவு அப்பத்தின் மேல் காரமான கோழிக் குழம்பு வரும். தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைய, பச்சைக் காப்பிக் கொட்டையை உங்கள் எதிரிலேயே வறுத்து, இடித்து, கறுப்பு மண்குடுவையில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துவிடாதீர்கள். கொட்டை வறுபடும் புகையை அந்த வீட்டுப் பெண் உங்கள் பக்கம் கொண்டுவரும்போது கையால் முகத்தருகே இழுத்து முகர்ந்து பாராட்டுங்கள். மொழி சரியாக வராத நாட்களில்கூட இது புரியும். வளைந்த கோலால் மரப்பந்தை அடித்து ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் கென்னா என்றே பெயர். உங்கள் ஊரில் சிறுவர்கள் அதை ஆடினால் மகனை அவர்களோடு விடுங்கள்.

சபை கேட்கும் படங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: அவர்களுக்காக ஒரு கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்து படம் எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளை அது நடிக்கவைக்கும், அனுப்பிய சபைக்கும் தவறான சித்திரத்தைக் கொடுக்கும். 1873-இல் சீனாவுக்குச் சென்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி லாட்டி மூன், ஆள் பற்றாக்குறையையும் வேலைச்சுமையையும் மறைக்காமல் தாய்நாட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்தை மிஷன் பணிக்கான ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்கும்படி கேட்டார். 1888-இல் பெண்கள் திரட்டிய முதல் காணிக்கை 3,315 டாலர். மூன்று பெண் மிஷனரிகளை அனுப்ப அது போதுமானதாக இருந்தது. உண்மையை எழுதினால் சபைகள் கேட்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே டிசம்பர் தொடக்கத்திலேயே போதகருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். இங்கே பண்டிகை ஜனவரி 7 அன்று வருகிறது, அக்கம்பக்கத்தார் இப்போது நோன்பில் இருக்கிறார்கள், எங்கள் மகளுக்கு இந்த மாதம் கடினமாக இருக்கிறது, அவளுக்காக ஜெபியுங்கள், படங்களை ஜனவரி இரண்டாம் வாரத்தில் அனுப்புகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மகளின் பெயரைக் குறிப்பிடுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. எத்தியோப்பியாவில் பலர் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமது காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பண்டிகை நாளில் 'ஆறு மணிக்கு வாருங்கள்' என்று அழைத்தால் பெரும்பாலும் நண்பகலைத்தான் சொல்கிறார்கள். எந்தக் கணக்கு என்று அழைப்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தை வைத்துக்கொண்டு அவர்களைக் காத்திருக்கச் செய்ய வேண்டாம்.