வட்டி கேட்டு வாங்கியவர்கள்

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தலில் கறுப்பின மக்கள் எப்போதும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்களே, பதிலுக்கு என்ன கண்டார்கள்? இப்படி ஒரு வாக்கு வங்கியாக இருப்பது அவர்களுக்கே நல்லதா? (வாசகர், தென்காசி)

பதில்: வங்கி என்றா சொன்னீர்கள்? நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் தொலைக்காட்சி விவாதங்களை இந்த வாரமாவது திட்டாமல் விடலாம் என்றிருந்தேன். நீங்கள் அங்கிருந்தே சொல்லை எடுத்து வந்து நீட்டுகிறீர்கள்.

சரி, வங்கி என்றே வைத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அந்த வங்கியில் கணக்குத் தொடங்குவது எப்படி? விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மாநில அரசியல் சாசனத்தில் இருந்த 285 பிரிவுகளில் ஒன்றைப் பதிவு அதிகாரி எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து எழுதி, பொருளும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்பது அவர் இஷ்டம். மதிப்பெண் கிடையாது, காரணமும் சொல்ல மாட்டார். விண்ணப்பித்தவர்களின் பெயரை இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும் என்று 1962இல் சட்டமே செய்தார்கள். முதலாளி காலையில் காபியோடு படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். பருத்திப் பண்ணைத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் அந்த ஆண்டு பதிவு செய்யப் போனபோது பத்திரிகை வரைக்கும்கூடத் தேவைப்படவில்லை. அன்றைக்கே பண்ணையைவிட்டுத் துரத்திவிட்டார்கள். நம் ஊர் கே.ஒய்.சி.யை இனி யாரும் குறை சொல்லாதீர்கள்.

‘எப்போதும்’ என்றதும் தப்பு. லிங்கனின் கட்சி என்று 1932 வரை பெரும்பாலோர் குடியரசுக் கட்சிப் பக்கம்தான். ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் பெருவாரியாகச் சாய்ந்தது 1936இல். அப்புறமும் 1956இல் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குப் போட்டார்கள். 1960இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அதே கட்சியின் நிக்சனுக்காகப் பிரசாரம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் அப்பாவும் நிக்சன் ஆதரவாளர்தான். மகன் ஜார்ஜியாச் சிறையில் கிடந்தபோது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கென்னடி, கிங்கின் மனைவிக்கு ஒரு போன் போட்டார். நிக்சன் வாயே திறக்கவில்லை. பெரியவர் பக்கம் மாறினார். 1964இல் குடியரசுக் கட்சி நிறுத்திய கோல்டுவாட்டரோ சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து செனட்டில் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் கறுப்பின ஓட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஜான்சனுக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

அந்த ஜான்சனும் யோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் கட்சி மாநாடு. மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் கூடி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அங்கேதான். மிசிசிப்பியின் வெள்ளையர்-மட்டும் குழுவுக்குப் பதிலாக எங்களை உட்கார வையுங்கள் என்று மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் 68 பேர் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவரான ஹேமர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜான்சன் அவசரமாக நிருபர்களைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். சேனல்கள் சாயங்காலம் ஹேமரை மறுபடி போட்டதில் இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு இடம் தருகிறோம், அந்த இருவர் யாரென்பதையும் நாங்களே சொல்கிறோம் என்றது கட்சி. வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள்.

அட்லாண்டிக் சிட்டி என்றதும் ஒன்று. நம் பிள்ளைகள் ‘டிரேட்’ என்று ஆடினார்களே, அதற்கு முன்னோடியான மோனோபொலி அட்டையில் இருப்பவை பெரும்பாலும் இந்த ஊர்த் தெருக்கள்தான். கடற்கரைப் பலகைப் பாதையான ‘போர்ட்வாக்’ அதில் 400 டாலர், இருப்பதிலேயே விலை அதிகம். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த பால்டிக் அவென்யூ 60 டாலர். ஹேமரின் கட்சிக்காரர்கள் மாநாட்டு அரங்குக்கு வெளியே உட்கார்ந்து போராடியது அந்த 400 டாலர் பாதையில்.

இடம் மறுத்த கட்சி ஒரு வாக்குறுதி மட்டும் கொடுத்தது: இனிமேல் ஒதுக்கிவைக்கும் குழுக்களுக்கு மாநாட்டில் இடமில்லை. 1968இல் சிகாகோவில் மிசிசிப்பியிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழு உட்கார்ந்தது, ஹேமரும் அதில் இருந்தார். விதியைப் பிடித்தால் போதும், பதவி பிறகு வரும் என்ற பாடம் அங்கேதான் ஆரம்பம். அதை முழுசாகப் பிடித்தவர், அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன்.

1984 பிரைமரிகளில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் முதல்கட்ட ஓட்டெடுப்புகளில், அவருக்குச் சுமார் 18 சதவீத ஓட்டு. மாநாட்டில் கிடைத்த பிரதிநிதி ஓட்டோ 3,933இல் 465.5, அதாவது 12 சதவீதம்கூட இல்லை. எங்கே போனது மீதி? 20 சதவீதத்துக்குக் கீழே போன இடங்களில் பூஜ்யம். சில மாநிலங்களில் தொகுதியில் முந்தியவருக்கே மொத்தப் பிரதிநிதிகளும். 1988இல் ஏறத்தாழ 70 லட்சம் ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தார். துணை அதிபர் வேட்பாளர் இடம் கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போய்விட்டது என்பதே நிருபர் கேட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் விதியைக் கேட்டு வாங்கினார்: 1992 முதல் மொத்தமாக அள்ளும் முறையும், முந்தியவருக்குக் கூடுதல் பிரதிநிதி தரும் போனஸும் ஒழிந்தன. 15 சதவீதம் தாண்டினால் ஓட்டுக்கேற்ற பங்கு.

இந்தக் கணக்கை யாரும் விளக்குவதில்லை, அதனால் நான் விளக்குகிறேன். இருவர் போட்டி, தொகுதிக்கு 4 பிரதிநிதிகள். 60–40 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு 2. மூன்றாவது வேண்டுமானால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 3 பிரதிநிதிகள் என்றால் ஒரே ஓட்டு கூடினாலே 2–1. ஆகவே எந்தத் தொகுதியில் ஒற்றைப்படை, எதில் இரட்டைப்படை என்று பார்த்துத்தான் பணத்தையும் ஆளையும் இறக்க வேண்டும். முன் தேர்தல்களில் கட்சிக்கு நிறைய ஓட்டுப் போட்ட தொகுதிக்குப் பிரதிநிதிகளும் அதிகம். கறுப்பர் நிறைந்த தொகுதிகளின் கனம் அப்படிக் கூடியது.

2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் கட்சி வேட்பாளராக மோதியபோது, ஒபாமா ஆட்கள் இதை மனப்பாடம் செய்திருந்தார்கள். ஹிலாரி நியூ ஜெர்சியைப் பிரதிநிதிக் கணக்கில் 59–48 என ஜெயித்து 11 கூட எடுத்தார். குட்டி ஐடஹோவில் ஒபாமா 15–3 என 12 கூட எடுத்தார். முடிந்தது கதை. 1988இல் ஜாக்சனுக்காக வேலை செய்த ஹரால்டு இக்கீஸ் 2008இல் ஹிலாரியின் பிரதிநிதிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்து நான் அவ்வப்போது தனியே சிரிப்பதுண்டு.

‘என்ன கண்டார்கள்’ என்றீர்களே. 2020 பிப்ரவரியில் தென் கரோலினாவில் பைடன் மூழ்கிக்கொண்டிருந்தபோது அந்த மாநிலத்து எம்.பி. ஜிம் கிளைபர்ன், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண் நீதிபதி என்று பகிரங்கமாகச் சொல் என்றார். சொன்னார், ஆதரவு வந்தது, ஜெயித்தார். 2022 ஏப்ரலில் 53–47 என்று கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் உறுதியானார்.

பெரிய பாக்கி ஒன்று இன்னும் நிற்கிறது. கறுப்பர்களின் ஓட்டுரிமையைக் காத்த 1965 வாக்குரிமைச் சட்டத்தின் பல்லை 2013இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடுங்கியது. அதைத் திரும்பக் கட்டும் மசோதா 2022 ஜனவரியில் செனட்டில் நின்றுபோனது. 60 ஓட்டு வேண்டும் என்ற நடைமுறையைத் தளர்த்த மறுத்தவர்களில் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினமாவும் அன்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கோபப்படுவதென்றால் ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு அந்த இருவர் மேல் படுங்கள்.