சொந்த ஜிமெயிலில் அதிகாரி அனுப்பியதும் அரசு ஆவணமா?

தாசில்தார் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பியதை ஆர்டிஐயில் கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். 2005 தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 2(எஃப்), ‘தகவல்’ என்பதில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

சிக்கல் 2(ஜே)-இல். தகவல் அந்த அலுவலகத்தின் வசமோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். அலுவலக முகவரிக்கு நகல் போயிருந்தாலோ, அச்செடுத்துக் கோப்பில் சேர்த்திருந்தாலோ கவலையில்லை. அவர் இன்பாக்ஸில் மட்டும் கிடந்தால்? “எங்களிடம் இல்லை” என்று கைவிரிப்பார்கள், மேல்முறையீடுதான். பட்டா பற்றி எழுதியது எந்தக் கணக்கிலிருந்து போனாலும் அரசு வேலைதான் என்பது என் கட்சி. மகள் கல்யாணப் பேச்சு அப்படியல்ல.

அமெரிக்காவில் அரசு ஆவணச் சட்டத்தின் 2014 திருத்தப்படி, சொந்தக் கணக்கில் அலுவல் மடல் அனுப்பும் மத்திய அரசு அதிகாரி அப்போதே அலுவலகக் கணக்குக்கும் நகல் அனுப்ப வேண்டும். தவறினால் 20 நாளுக்குள். நம் ஆர்டிஐ சட்டத்தில் அப்படியொரு கெடு இல்லை. அதனால் மனுவில் கோப்பு எண், தேதி, பொருள் மூன்றையும் குறிப்பிடுங்கள்.